கைக்கு இசைந்த கைத்தடி

'தடி எடுத்தவன் தண்டல்காரன்' என்பது நம் நாட்டுப் பழமொழி. தடியைக் கையில் எடுத்த மாத்திரத்தில் மனிதனுக்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது என்பது அதன் கருத்து. ஆனால் உண்மையாகவே தடி எடுக்கவேண்டிய பிராயம் வரும்போது, நம்மில் பெரும்பாலோர் அந்த அதிகாரம் வேண்டாமென்று மறுத்துவிடுகிறோம். சுவரைத் தடவிக்கொண்டு நடப்போம். மேஜையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து நிலைப்படிக்கும் தாவுவோம். பேரனைக் கூவி அழைத்து அவன் தோளைப் பற்றிக்கொள்வோம். கைத்தடி மட்டும் கூடாது! "தடி ஊன்றினால் கிழவன் என்று சொல்லிவிடுவார்களே" என்பது நமது கவலை. தடி ஊன்றாமல் தள்ளாடி நடப்பவரைக் குமாரப் பருவத்தினர் என்று யாரும் சொல்லப் போவதில்லை என்பதை நாம் யோசிப்பதில்லை.

இவர்களைத் தவிர வேறு ஒரு சாரார் இருக்கிறார்கள். இவர்கள் கூச்சத்தை விட்டுக் கைத்தடியை எடுத்தவர்கள். எடுத்த நாலாம் நாள் அதைக் கதவு மூலையில் சாத்திவிட்டவர்கள். காரணம் கேட்டால், "உள்ளங்கை எரிகிறது" என்பார் ஒருவர். "தோள்பட்டை வலிக்கிறது" என்பார் இன்னொருவர். "முற்றத்தில் வழுக்கிவிட்டது, தடியினால்தான் விழ இருந்தேன்" என்பார் மூன்றாமவர். முடிவில் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள்: "கைத்தடி நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை!"

இவர்களுடைய கஷ்டம் உண்மையானது; தீர்ப்புத்தான் பிசகு. அடுத்த வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, "கண்ணாடி நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று யாராவது சொல்வார்களா? சட்டைக்குக் கழுத்தளவு, தோளளவு பார்க்கிறோம். செருப்பைக் காலில் போட்டு நாலடி நடந்து பார்த்த பிறகே காசு கொடுக்கிறோம். சரீரத்தின் பாரத்தையே தாங்கப் போகிற தடியை மாத்திரம், கடையில் முதலில் கைக்கு அகப்பட்டதாகவோ, காலஞ்சென்ற பெரியப்பா விட்டுப்போனதாகவோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இது அற்ப விஷயமன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கின்படி, கீழே விழுவதனால் உலகில் வருஷந்தோறும் ஏறக்குறைய 6,84,000 பேர் உயிர் இழக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல், வருமானம் குறைந்த அல்லது நடுத்தரமான தேசங்களைச் சேர்ந்தவர்கள். அறுபது வயதைக் கடந்தவர்களே இவ்விபத்துக்கு அதிகமாகப் பலியாகிறார்கள். உயிர் பிழைத்தவர்களிலும் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள், முன்போல் எழுந்து நடமாடுவது எவ்வளவு கடினம் என்பதைப் பல குடும்பங்கள் அனுபவத்தில் அறியும். ஆகவே கைத்தடியைப் பற்றிச் சிறிது விவரமாகத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு வீட்டுக்கும் அவசியம் என்று கருதுகிறோம்.

நமது பழஞ் சொத்து

கைத்தடி மேனாட்டு நாகரிகத்தோடு கப்பலேறி வந்த பொருள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. புறநானூற்றின் 243-ம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இளமையில் நீரில் குதித்து விளையாடிய நாட்களை எண்ணி ஏங்கும் முதியவர் ஒருவரை அவர் பாடினார். அந்த முதியவர் ஊன்றியிருந்த தடியைக் குறித்த சொற்றொடரே புலவருக்குப் பெயராகி, 'தொடித்தலை விழுத்தண்டினார்' என்று வழங்கலாயிற்று. பூண் பொருந்திய தலையை உடைய பெரிய தடி என்பது அதன் பொருள். மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-ம் வருஷத்தில் புறநானூற்றை அச்சிட்டு உதவியிராவிட்டால், இந்தத் தடியும் அந்தக் கிழவரும் ஏட்டுச் சுவடிகளிலேயே மறைந்து கிடந்திருப்பார்கள். தடிக்குப் பூண் வேண்டும் என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர் என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ளலாம். திருவள்ளுவரோ, 'கேள்வி' என்னும் அதிகாரத்தில், ஒழுக்கமுடைய பெரியோரின் வாய்ச்சொல்லுக்கு உவமையாக, வழுக்கும் இடத்தில் உதவுகிற ஊன்றுகோலையே எடுத்துக் காட்டுகிறார்.

நமது காலத்துக்கு வருவோம். 1930-ம் வருஷம் மார்ச்சு மாதம் 12-ம் தேதி, மகாத்மா காந்தி தமது அறுபதாவது வயதில், 78 தொண்டர்களுடன் சபர்மதியிலிருந்து தண்டிக்குப் புறப்பட்டார். சுமார் 240 மைல் நடந்து, ஏப்ரல் 6-ம் தேதி உப்பு எடுத்தார். மூங்கில் தடியுடன் அவர் விரைந்து நடக்கும் தோற்றம் உலகத்தாரின் மனத்தில் பதிந்துவிட்டது. சென்னைக் கடற்கரைக்காகச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959-ல் திறந்து வைக்கப்பட்ட காந்தி சிலையும் தடியூன்றி நடக்கும் தோற்றமே. நமது மாகாணத்தின் பெருந்தலைவர்களை எடுத்துக்கொண்டாலும், ராஜாஜியின் கறுப்புக் கண்ணாடியையும் கைத்தடியையும் மறந்தவர் இல்லை; பெரியார் ஈ. வெ. ரா.வின் கைத்தடியையும் மறந்தவர் இல்லை. கொள்கையில் நேர் எதிரான அவ்விரு நண்பர்களும் கைத்தடி விஷயத்தில் பூரணமாக ஒன்றுபட்டிருந்தார்கள்! இவர்களில் யாரையும் தடி பிடித்த காரணத்தால் பலவீனர் என்று உலகம் சொல்லவில்லை.

இங்கே ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். தண்டி யாத்திரையில் மகாத்மா பிடித்திருந்தது, நெடுவழி நடப்பவர் துணையாகக் கொள்ளும் உயரமான தடி. அதைப் பக்கவாட்டில் பற்றி, நடையின் தாளத்துக்கு ஏற்ப ஊன்றிச் செல்லலாம். சரீரத்தின் பாரத்தை அதன் மேல் இறக்குவதில்லை. முழங்கால் வலியோ இடுப்பு வலியோ உள்ளவருக்கு வேண்டியது வேறு. பாரத்தில் ஒரு பங்கைக் கைவழியாக வாங்கித் தரையில் சேர்க்கும் ஊன்றுகோல் அவருக்குத் தேவை. அதற்கு உயரம் வேறு, பிடி வேறு. மகாத்மாவின் படத்தைப் பார்த்து அதே உயரத்தில் தடி வாங்கிக்கொள்ளும் முதியவருக்குத் தேசபக்தி மிகுந்திருக்கலாம். தோள்வலியும் மிகுந்துதான் இருக்கும்.

அளவு பார்த்தல்

தடி மிக உயரமாக இருந்தால், ஒவ்வோர் அடிக்கும் தோளைத் தூக்கவேண்டி வரும். முழங்கை அதிகமாக மடங்கிவிடுவதால் தடியைக் கீழ்நோக்கி அழுத்தவும் முடியாது. மிகக் குட்டையாக இருந்தால், உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, முதுகு வலியைக் கூலி கொடுத்து வாங்கியதாக முடியும்.

அளவு பார்ப்பதற்கு யந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. வீட்டில் இன்னொருவர் உதவி இருந்தால் போதும். தடி வேண்டியவர், தினமும் வெளியே போட்டுக்கொள்ளும் செருப்பை அணிந்து, எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு நிமிர்ந்து நிற்கட்டும். கைகள் இரண்டும் தளர்ந்து தொங்கட்டும். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாகப் புடைத்திருக்கிற எலும்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதுவே தடியின் பிடி இருக்கவேண்டிய உயரம். மரத்தடியானால், அதைத் தலைகீழாகப் பிடித்து, பிடியைத் தரையில் வைத்து, அந்த எலும்புக்கு நேரே கோடு போட்டுக்கொள்ளலாம். அடியில் மாட்டப் போகும் ரப்பரின் கனத்தைக் கழித்துக்கொண்டு அறுக்க வேண்டும். சற்று மிகையாக விட்டு அறுப்பதே புத்திசாலித்தனம். மிஞ்சியதைப் பிறகு குறைக்கலாம். குறைந்ததை வளர்க்க எந்தத் தச்சராலும் ஆகாது.

சரியான தடியைப் பிடித்து நிற்கையில் முழங்கை சிறிதளவு, அதாவது இருபது முப்பது டிகிரி, மடங்கியிருக்கும். தடியின் நுனி, சுண்டுவிரலுக்கு ஆறு அங்குலம் வெளிப்பக்கமாகவும் சற்று முன்னாலும் ஊன்றியிருக்கும்.

மொத்தத்தில், தடியின் நீளம் ஆளின் உயரத்தில் ஏறக்குறையப் பாதியாக அமையும். ஐந்தடி எட்டங்குல உயரமுள்ள தாத்தாவின் தடிக்கும், ஐந்தடி உயரமுள்ள பாட்டியின் தடிக்கும் நாலு அங்குலம் வித்தியாசம் இருக்கவேண்டும் என்பது இதனால் விளங்கும். தாத்தாவின் தடியைப் பாட்டிக்குக் கொடுப்பது சிக்கனமாகாது. இப்போது கடைகளில் கிடைக்கும் அலுமினியத் தடிகளில், பொத்தானை அமுக்கி ஒவ்வோர் அங்குலமாக ஏற்றி இறக்க வசதி இருக்கிறது. அவற்றை வாங்கினாலும் அளவு பார்ப்பது நமது பொறுப்பு. பொத்தான் துளைக்கு வெளியே முழுவதும் வந்திருக்கிறதா, திருகு இறுகியிருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும்.

எந்தக் கையில்?

வலது முழங்காலில் வலி என்றால் தடியை எந்தக் கையில் பிடிக்கவேண்டும்? பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலோர் 'வலது கையில்' என்றே சொல்வார்கள். பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் சரியான விடை: இடது கையில். நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையிலேயே தடி இருக்கவேண்டும்.

1956-ம் வருஷத்தில், வால்டர் பிளவுண்ட் என்னும் அமெரிக்க எலும்பு வைத்திய நிபுணர், கைத்தடியை எறிந்துவிடாதீர்கள் என்ற கருத்துக் கொண்ட தலைப்பில் ஒரு பிரசித்தமான கட்டுரை எழுதினார். ஜெர்மனியைச் சேர்ந்த பிரீட்ரிக் பாவல்ஸ் என்பவர் இடுப்பு மூட்டின் மேல் விழும் பாரத்தை அதற்கு முன்பே கணக்கிட்டிருந்தார். இவர்கள் எடுத்துக் காட்டிய உண்மையை, வாசற்கதவைக் கொண்டு நாம் எளிதில் அறிந்துகொள்ளலாம். கதவைக் கீலுக்கு அருகில் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள், பலசாலியும் திணறுவார். ஓரத்தில் கை வைத்துத் தள்ளினால் குழந்தைகூடத் திறந்துவிடும்.

வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கும்போது, இடுப்பு இடப்புறமாகச் சரியப் பார்க்கிறது. அதைச் சரியவிடாமல் இழுத்துப் பிடிப்பவை வலது இடுப்பின் வெளிப்பக்கத்துத் தசைகள். அவை மூட்டுக்கு மிக அருகில், கீலுக்கு அருகே தள்ளுகிறவனைப் போல், இருக்கின்றன. ஆகையால் உடல் எடையைக் காட்டிலும் அதிகமான பலத்துடன் அவை இழுக்கவேண்டியிருக்கிறது. அந்த இழுப்பும் உடலின் பாரமும் சேர்ந்து, நடக்கையில் இடுப்பு மூட்டின் மேல், எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு பாரம் விழுகிறது. இடது கையில் ஊன்றிய தடியோ, அந்த மூட்டுக்கு வெகு தொலைவில், கதவின் ஓரத்தில் தள்ளுகிற குழந்தையைப் போல், வேலை செய்கிறது. சிறிய அழுத்தத்திலேயே தசைகளின் பெரிய உழைப்பு மிச்சமாகிறது. மூட்டும் மூச்சுவிடுகிறது.

நடக்கும் முறை இதிலிருந்தே கிடைக்கிறது. நோவுள்ள காலும் தடியும் சேர்ந்து முன்னே போகட்டும். பிறகு நல்ல கால் போகட்டும். மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் நோவுள்ள காலும் முதலில். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கை அதன் மேல் இருப்பது உத்தமம். ரண சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வைத்தியர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொற்படியே நடக்கவேண்டும்.

பிடியில் இருக்கிறது சுகம்

கைத்தடியை மூலைக்கு அனுப்பும் குற்றவாளிகளில் முதன்மையானது பிடிதான். கடையில் தடி வாங்குகிறவர் வேலைப்பாட்டைப் பார்க்கிறார், மெருகைப் பார்க்கிறார், சிங்கமுகம், யாளிமுகம் என்று செதுக்கியிருந்தால் மயங்கியே போகிறார். நாள் முழுவதும் அந்தச் சிங்கத்தின் மூக்கு உள்ளங்கையில் குத்திக்கொண்டிருக்கப் போகிறது என்பதை அவர் எண்ணுவதில்லை.

உருண்டைக் குமிழ் வைத்த தடி பார்வைக்கு அழகு. கூட நடப்பதற்கு ஏற்றது. பாரம் தாங்குவதற்கு ஏற்றதன்று. பாரமெல்லாம் உள்ளங்கையின் நடுவில் ஒரே இடத்தில் விழுகிறது. வளைந்த கொக்கிப் பிடியில் ஒரு சௌகரியம் உண்டு: கடையில் காசு எண்ணும்போது தடியை முழங்கையில் மாட்டிக்கொள்ளலாம். ஆயினும் வளைவு மெல்லிய பிரம்பாக இருந்தால், நாளெல்லாம் ஊன்றுகிறவருக்கு அது கையை அறுப்பது போல் இருக்கும். குறுக்குக் கட்டையாக அமைந்த பிடியே ஊன்றுவதற்குச் சிறந்தது. அதிலும் மேற்புறம் சற்றுப் பரந்து, உள்ளங்கையின் பள்ளத்தை நிரப்புவதாக இருந்தால், பாரம் கை முழுவதும் பரவி நிற்கும். தடியின் தண்டு, பிடியின் ஒரு கோடியில் இல்லாமல், பாரம் விழும் இடத்துக்கு நேர் கீழே இருக்கவேண்டும். இல்லாவிடில் ஒவ்வொரு தடவை ஊன்றும்போதும் பிடி கைக்குள் திரும்பப் பார்க்கும். அதை அடக்குவதற்காகவே விரல்கள் இறுக்கிப் பிடித்துக் களைத்துப்போகும். கையின் அச்சிலேயே வார்த்தாற்போன்ற பிடிகளும் உண்டு. அவற்றில் வலது கைக்கு வேறு, இடது கைக்கு வேறு, கேட்டு வாங்கவேண்டும்.

பிடியின் பருமனும் முக்கியம். பெரும்பாலோருக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் வரை குறுக்களவு இசைவாக இருக்கும். பிடித்துப் பார்க்கையில் விரல் நுனிகள் உள்ளங்கையில் புதைந்தால் பிடி மெலிது. விரல்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டால் பிடி தடித்தது. விரல் மூட்டுக்களில் வாதம் கண்டு, கையை முழுவதும் மூட முடியாதவர்களுக்குச் சற்றுத் தடித்த பிடியே நல்லது. அவர்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கையை அதன் மேல் வைத்தாலே போதும்.

இந்த இடத்தில், நமது நாட்டிலேயே நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியைச் சொல்லவேண்டும். டாக்டர் பால் பிராண்ட் 1914-ம் வருஷம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்தும் வேலையில் ஈடுபட்டார். அந்நோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று உலகம் அதுவரை நம்பியிருந்தது. அப்படியல்ல என்று அவர் கண்டார். நோயினால் நரம்புகள் உணர்ச்சியிழக்கின்றன. அதனால் சூடும் அழுத்தமும் உறுத்தலும் தெரியாமல், கை தானே தன்னைச் சேதப்படுத்திக்கொள்கிறது. வலி என்பது சரீரத்தின் காவற்காரன் என்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் எடுத்துக் கூறினார்.

கைத்தடி பிடிக்கும் நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஒரே பாரம் சிறிய இடத்தில் விழுந்தால் புண்; பரந்த இடத்தில் விழுந்தால் சுகம். உள்ளங்கை வலித்தால், "பழகினால் சரியாகிவிடும்" என்று பல்லைக் கடித்துக்கொள்வது தவறு; பிடியை மாற்றச் சொல்லிக் கை அனுப்பும் விண்ணப்பம் அது. பெருவிரலும் அதை அடுத்த விரல்களும் மரத்துப்போனால், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதென்று சந்தேகித்து வைத்தியரிடம் காட்டவேண்டும். மணிக்கட்டைப் பின்புறமாக அதிகம் மடிக்காமல் கூடியவரை நேராக வைத்துக்கொள்வதும் நல்லது. நீரிழிவினால் கையில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அந்தக் காவற்காரன் தூங்கிவிடுகிறான். அவர்கள் தினமும் இரவில் உள்ளங்கையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, சிவப்போ கொப்புளமோ இருந்தால் உடனே கவனிக்கவேண்டும்.

நல்ல தடிதான், பிடி மட்டுமே சரியில்லை என்றால், அதை எறியவேண்டியதில்லை. வீட்டிலேயே சீர்ப்படுத்தலாம். முதலில் பிடியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் துடைத்து உலர்த்துங்கள். மெலிந்த பிடியானால், பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இழுத்துப் பிடித்துச் சுற்றலாம். அதன் மேல் பருத்தி நாடாவை, ஒரு சுற்று அடுத்த சுற்றைப் பாதியளவு மூடும்படி நெருக்கமாகச் சுற்றுங்கள். முடிச்சோ தையலோ உள்ளங்கை படும் இடத்தில் வரக்கூடாது. டென்னிஸ், பாட்மிண்டன் மட்டைகளுக்குச் சுற்றும் நாடாவை விளையாட்டுச் சாமான் கடைகளில் வாங்கி உபயோகித்தாலும் வேலை சுலபம். பஞ்சு மெத்தை போல் தடிமனாகச் சுற்றிவிடலாகாது. கை அமிழ்ந்து, பிடி ஆடத் தொடங்கினால், முன்னைவிட அதிகமாக இறுக்கவேண்டி வரும்.

நமது சீதோஷ்ணத்தில் வியர்வையையும் மறக்கலாகாது. வழவழவென்று வார்னீஷ் பூசிய பிடியும் உலோகப் பிடியும் சித்திரை வெயிலில் மீனைப் போல் நழுவும். நூல் நாடா வியர்வையை உறிஞ்சிப் பிடிப்புக் கொடுக்கும். ஆனால் அழுக்கையும் உறிஞ்சும். ஆகையால் வாரம் ஒரு முறை துவைத்துச் சுற்றுவதற்காக இரண்டு நாடா வைத்துக்கொள்வது சிலாக்கியம். பிடிக்குச் சற்றுக் கீழே கயிற்று வளையம் ஒன்று இருந்தால், மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றும்போது தடியை மணிக்கட்டில் தொங்கவிடலாம். தெருவில் நடக்கையில் அதைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். தடி எங்காவது சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும்.

அடியில் இருக்கிறது உயிர்

கைக்கு மேலே எவ்வளவு செய்தாலும், தடி தரையைப் பிடிக்காவிட்டால் எல்லாம் வீண். பழந்தமிழர் தடிக்குப் பூண் மண்பாதைக்கு ஏற்றதாக இருந்திருக்கலாம். மொசைக்கும் கிரானைட்டும் பரப்பிய இன்றைய வீடுகளில் உலோகப் பூண், ஊன்றுகோலைச் சறுக்குக் கட்டையாக்கிவிடும். அகன்ற அடியும், அதில் ஆழமான வரிகளும் உள்ள ரப்பர்ப் பூணே தேவை.

அந்த ரப்பரும் சாசுவதமானதல்ல. மோட்டார் சக்கரத்தின் வரிகள் தேய்ந்தால் மாற்றுகிறோமே, அதைப் போலவே இதுவும். மாதம் ஒரு முறை தடியைத் திருப்பிப் பாருங்கள். வரிகள் மறைந்து வழவழப்பாகிவிட்டதா? ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா? வெடிப்புக் கண்டு, உள்ளிருக்கும் கட்டை எட்டிப் பார்க்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மாற்றவேண்டும். 16, 19, 22 மில்லிமீட்டர் என்று பல உள்ளளவுகளில் ரப்பர்ப் பூண்கள் கிடைக்கின்றன. தண்டின் குறுக்களவை அளந்துகொண்டு போனால், சிரமப்பட்டு மாட்டும்படியான இறுக்கமான பூணாகப் பார்த்து வாங்கலாம். தளர்ந்த பூண், பூணே இல்லாததைவிட ஆபத்து.

கோயில் பிராகாரத்தில் அபிஷேக ஜலம் சிந்திய கல், மழை பெய்த முற்றம், ஸ்நான அறை ஆகிய இடங்களில் நல்ல ரப்பரும் வழுக்கக்கூடும். தடியை வெகுதூரம் முன்னால் நீட்டி ஊன்றாமல், காலுக்குப் பக்கத்திலேயே நிமிர்த்தி ஊன்றவேண்டும். ஸ்நான அறையில் தடியை நம்புவதைவிடச் சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்று பதித்துவிடுவது மேல். நாற்காலியிலிருந்து எழும்போதும் தடியைப் பற்றி இழுத்துக்கொண்டு எழலாகாது. நாற்காலியின் கைகளை அழுத்தி எழுந்து, நிலையாக நின்ற பிறகே தடியை எடுக்கவேண்டும்.

ஒற்றைத் தடி எல்லாவற்றையும் தாங்கிவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். உடல் எடையில் சுமார் கால் பங்குக்கு மேல் அதன் மேல் சாயவேண்டியிருந்தால், நாலு கால் உள்ள தடியோ, இரு கையாலும் பிடித்து நடக்கும் சட்டமோ தேவைப்படலாம். அதை வைத்தியரும் உடற்பயிற்சிச் சிகிச்சை நிபுணரும் பார்த்துச் சொல்லவேண்டும்.

வீட்டுக்குள் ஒரு சுயராஜ்யம்

மகாத்மா காந்தி தமது கடைசி நாட்களில் அபா, மனு என்ற இரு பெண்களின் தோள்களில் கை வைத்து நடந்தார். அவர்களைத் தமது 'கைத்தடிகள்' என்று வேடிக்கையாக அழைப்பார். அன்புள்ள தோளைப் போன்ற ஊன்றுகோல் வேறில்லை என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் எல்லா வீட்டிலும் எந்நேரமும் தோள்கள் கிடைக்குமா? பிள்ளை ஆபீசுக்குப் போயிருப்பான். பெண் கல்லூரிக்குப் போயிருப்பாள். நாட்டுப்பெண்ணுக்கும் உத்தியோகம் இருக்கும். நடுநிசியில் தாகம் எடுத்தால் யாரை எழுப்புவது என்று தயங்கிக்கொண்டே விடியும் வரையில் படுத்திருக்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். ஒரு டம்ளர் தண்ணீருக்கும் ஒரு தடவை வாசலில் போய் நிற்பதற்கும் பிறருடைய சௌகரியத்தை எதிர்பார்க்க வேண்டியிராத நிலைக்கு என்ன பெயர்? தேசத்துக்கு அதைத்தானே சுயராஜ்யம் என்று சொன்னோம்?

முக்கியமாக, வீட்டிலுள்ள பாட்டிமார்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்கள் தடி பிடித்தால் கம்பீரம் என்று சொல்லும் சமூகம், பெண்கள் தடி பிடிப்பதைப் பற்றி நினைப்பதே இல்லை. அவர்கள் சமையலறைச் சுவரில் கைத்தடம் பதிய நடந்து நடந்தே காலம் தள்ளிவிடுகிறார்கள். "எனக்கு எதற்குத் தடியெல்லாம்?" என்று அவர்கள் சொன்னால், அதை விருப்பமின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செலவு வைக்கக் கூடாதே என்ற எண்ணமே அதில் பாதி. அவர்களுடைய சிறிய கைக்கு இசைந்த பிடியும், உயரத்துக்குத் தக்க நீளமும் பார்த்து, அதிகக் கனமில்லாத தடியாக வாங்கிக் கொடுப்பது பிள்ளைகளின் கடமை.

பட்சணத்தையும் வேஷ்டி புடவையையும் போல், கைத்தடியைத் திடீரென்று வாங்கி வந்து நீட்டுவதும் நல்லதல்ல. பெரியவர்களையே கடைக்கு அழைத்துப் போங்கள். முடியாவிட்டால், அளவு எடுத்துக்கொண்டு போய், சரியில்லாவிட்டால் மாற்றித் தரும்படி கடைக்காரரிடம் பேசி வாங்குங்கள். கைக்குப் பிடித்துப் பார்த்து, "இது வேண்டாம், அதை எடு" என்று அவர்கள் சொல்லட்டும். தாமே தேர்ந்தெடுத்த தடியை எவரும் கதவு மூலையில் சாத்துவதில்லை.

இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நேயர்கள் ஒரு காரியம் செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் ஒரு கைத்தடி இருந்தால், அதைப் பிடிக்கிறவரைச் செருப்புப் போட்டு நிற்கச் சொல்லி, மணிக்கட்டு எலும்புக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தடியைத் தலைகீழாகத் திருப்பி, ரப்பரின் வரிகளை விரலால் தடவிப் பாருங்கள். பிறகு அவருடைய உள்ளங்கையை வாங்கிப் பார்த்து, "எங்கே உறுத்துகிறது?" என்று கேளுங்கள். கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பல வீடுகளில் அந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் அவர்களிடம் கேட்டிருக்கமாட்டார்கள்.